சட்டமிடாத கித்தான் ஓவியத்தின் பக்கங்கள்: 'விளிம்பு' பொருந்துமா, 'கரை' பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

வெளிச்சட்டம் போடாமல் சுவரில் மாட்டும் கித்தான் (கேன்வாஸ் துணி) ஓவியத்தின் நான்கு பக்கங்களையும் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இழையில், கோலாலம்பூர் ஐயா 'விளிம்புப்பூச்சு' என்றும் கிள்ளான் அக்கா 'சுற்றுமடிப்பு' என்றும் எழுதியிருந்தார்கள். பினாங்கில் நடக்கவிருக்கும் ஒரு சிறு கண்காட்சிக்கு மும்மொழியிலும் ஓவியக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்திருப்பதால், இந்தச் சொல் எனக்கு உடனடித் தேவையாகிவிட்டது.

முதலில் பொருளைப் பார்ப்போம். துணியை உள்ளிருக்கும் மரக்கட்டையின் மேல் இழுத்துப் பின்புறம் மடக்கி அங்கேயே ஸ்டேப்ளர் ஊசி அடித்தால், பக்கங்களில் ஊசி எதுவும் தெரியாது. அப்போதுதான் சட்டமில்லாமல் மாட்டுவதற்கு அது தகுதி பெறுகிறது. வழக்கமான கட்டை ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் தடிப்பு. சட்டமிடாமல் மாட்டுவதற்கென்று செய்யப்படுவது 38 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதாவது நாம் பெயர் தேடுவது ஒரு கோட்டுக்கு அன்று, இரண்டு விரல் அகலமுள்ள ஒரு பரப்புக்கு.

'விளிம்பு' என்னைத் தயங்க வைப்பது இதனால்தான். கிண்ணத்தின் விளிம்பு, பள்ளத்தின் விளிம்பு என்னும்போது ஒரு பரப்பு முடியும் கோட்டையே நினைக்கிறோம். விளிம்புக்கு அப்பால் ஒன்றுமில்லை. ஓவியத்திலோ விளிம்பைத் தாண்டிய பிறகுதான் நம் பேச்சே தொடங்குகிறது. 'ஓரம்' என்றால் படத்தின் முகப்பிலேயே ஒதுங்கிய இடம் என்று பொருள்படும். 'ஓரத்தில் ஒரு படகு' என்று குறிப்பில் எழுதினால் பார்ப்பவர் முன்பக்கத்தில்தான் படகைத் தேடுவார். 'சுற்றுமடிப்பு' செய்முறையைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் கித்தானில் மடிப்பு விழுந்தது என்றால் அது குறை. உண்மையான மடிப்பு நான்கு மூலைகளில் மட்டுமே உண்டு, அதையும் தட்டையாகப் படிய வைக்கத்தான் படாதபாடு படுகிறார்கள்.

சென்ற வாரம் இங்கே பினாங்கின் லெபோ பாசார் தெருவில் ஒரு சேலைக்கடையில் என் துணைவியாருக்காகக் காத்திருந்தபோது, கடைப்பெண் ஒரு பட்டுச்சேலையை விரித்து, "இது ரெண்டு விரல் கரைம்மா, அது ஒரு சாண் கரை" என்று விரலாலேயே அளந்து காட்டினார். கரைக்கு அகலம் உண்டு; அது துணியின் அங்கமே தவிர வெளியிலிருந்து ஒட்டியது அன்று; சேலை உடலின் நிறத்திலேயே போகலாம், வேறு நிறத்திலும் வரலாம். நமக்கு வேண்டிய மூன்று இயல்புகளும் ஒரு சொல்லில் இருக்கின்றன. ஆகவே 'கரை' என்பதையே அடிச்சொல்லாக முன்மொழிகிறேன்.

இதிலிருந்து வகைகள் தாமே கிளைக்கும். முகப்பில் உள்ள காட்சி பக்கங்களிலும் ஓடினால் 'தொடர்கரை'. ஒரே வண்ணத்தைப் பூசி முடித்தால் 'தனிநிறக்கரை'. வெள்ளை அடிப்பூச்சோடு விட்டுவிட்டால் 'வெறுங்கரை'. அச்சிட்ட கித்தானில் படத்தின் ஓரப் பகுதியைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் பக்கங்களில் பதிப்பதுண்டு. அதை 'எதிரொளிக்கரை' எனலாம், இருந்தாலும் அந்தச் சொல்லில் எனக்கு அவ்வளவு நிறைவில்லை. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ தம் பெரிய ஓவியங்களைச் சட்டமின்றி மாட்டியதோடு பக்கங்களிலும் வண்ணம் தீட்டியவர் என்பதால், கரை என்பது ஓவியத்தின் பகுதியே என்று வாதிடச் சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

வெறுங்கரையைச் சோம்பலின் அடையாளமாக நினைக்க வேண்டாம். பக்கங்களில் மறைப்பு நாடாவை ஒட்டி வரைந்துவிட்டுப் பிறகு உரித்தால் கூர்மையான வெண்கோடு கிடைக்கும், அதுவும் ஓர் அழகு. நாடா ஒட்டாமல் வரைந்து, வழிந்த வண்ணமும் கட்டைவிரல் தடமும் அப்படியே இருக்க மாட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் கண்காட்சிக்கு வந்த ஒரு கடற்கரைக் காட்சியில் அந்தத் தடம் இடப்பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. கதவு வழியே நுழைபவர் கண்ணில் முதலில் படுவதே அந்தப் பக்கம்தான். இப்போது திருத்தலாம் என்றால், அக்ரிலிக் வண்ணம் காய்ந்தபின் சற்றுக் கருத்துவிடுவதால் முகப்பின் நீலத்தோடு புது நீலம் ஒட்ட மறுக்கிறது. அன்றே, அதே கலவையில், அதே தூரிகையால் கரையையும் தீட்டியிருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் 'சட்டம்'. உள்ளே துணியை இழுத்துப் பிடிக்கும் கட்டையும் சட்டம், வெளியே போடுவதும் சட்டம். 'சட்டமில்லா ஓவியம்' என்று தலைப்பிட்டால் காவல்துறை தேடும் ஓவியம் போலவும் ஒலிக்கிறது. உள்ளிருப்பதை 'இழுசட்டம்' என்றும் வெளியிலிருப்பதை 'வெளிச்சட்டம்' என்றும் பிரிக்கலாமா? கித்தானைப் பற்றியும் ஒரு சொல்: தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்களுக்குக் கித்தா என்றால் ரப்பர். கித்தான் ஓவியம் என்றதும் என் மாமா, "பால்மரத்தை வரைஞ்சிருக்காங்களா?" என்று கேட்டார். ஆயினும் அகராதிச் சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை.

அன்புடன், பினாங்கிலிருந்து.

*

அன்புள்ள தம்பிக்கு,

சேலைக்கடை வாதம் வலுவானது. 'விளிம்புப்பூச்சை' நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'இழுசட்டம்' மிக நன்று. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? நம்மில் பெரும்பாலோர் பேச்சில் ரகர றகர வேறுபாடு இல்லை. "இந்த ஓவியத்தின் கரையைப் பாருங்கள்" என்று நீங்கள் வழிகாட்டினால், வந்தவர் அழுக்குக் கறையைத் தேடத் தொடங்குவார். அதிலும் உங்கள் கடற்கரைப் படத்தில் அவருக்கு அது கிடைத்தும் விடும்.

*

மதிப்பிற்குரிய ஐயா,

நன்றாக மாட்டிக்கொண்டேன். பட்டுச்சேலை வாங்குபவர் யாரும் அந்தக் கரையைக் கறையென்று திருப்பித் தந்ததில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அங்கே சேலை கையில் இருக்கிறது, இங்கே கண்காட்சிக் கூடத்தில் பழக்கமில்லாத சொல் காதில் மட்டும் விழுகிறது. எனவே தனிச்சொல்லாக வரும் இடங்களில் மட்டும் 'பக்கக்கரை' என்று எழுதுகிறேன். தொடர்கரை, வெறுங்கரை முதலிய கூட்டுச்சொற்களில் குழப்பத்துக்கு இடமில்லை என்பதால் அவை அப்படியே இருக்கட்டும். குறிப்புகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. மறுப்பு இருப்பவர்கள் வியாழன் இரவுக்குள் எழுதினால் உதவியாக இருக்கும். கட்டைவிரல் தடம் உள்ள ஓவியத்துக்குத் தனிநிறக்கரையாக வெள்ளை பூசிவிட ஓவியரே இசைந்துவிட்டார்.