ஏ.ஐ.பி.யை இணையத்தில் ஏற்றிவிட்டால் தகவல் சேவை டிஜிட்டல் ஆகிவிடுமா?

பதிவிட்டவர்: தகவல்மேசை

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு வான்வழித் தகவல் சேவைப் பிரிவில் பணிபுரிகிறேன். ஓடுபாதைகள், வான்வெளி, வழித்தடங்கள், வழிகாட்டுக் கருவிகள், தடைகள் ஆகியவற்றைப் பற்றிய விவரங்களைப் பல துறைகளிடமிருந்து பெற்று, சரிபார்த்து, ஏ.ஐ.பி. என்னும் தகவல் தொகுப்பிலும் அதன் திருத்தங்களிலும், விமானிகளுக்கு மாற்றங்களை உடனடியாக அறிவிக்கும் குறுஞ்செய்திகளான நோட்டாம்களிலும் வெளியிடுவது எங்கள் வேலை. அச்சிட்ட தாள்களை அனுப்பிய காலம் போய், இப்போது எல்லாவற்றையும் பி.டி.எஃப். கோப்புகளாக இணையத்தில் ஏற்றுகிறோம். இதைக் காட்டி, "நாம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டோம்" என்று மேலதிகாரிகள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஓர் ஓடுபாதையின் நீளம் மாறினால், ஏ.ஐ.பி.யின் விமான நிலையப் பகுதியில் 2.12 அட்டவணையைத் திருத்துகிறோம், 2.13இல் அறிவிக்கப்பட்ட தூரங்களைத் திருத்துகிறோம். வரைபடப் பிரிவு தன் கணினியில் நிலைய வரைபடத்தையும் தடை வரைபடத்தையும் தனித்தனியாகத் திருத்துகிறது. நோட்டாம் மேசையில் இருப்பவர் அதே எண்ணை மீண்டும் ஒருமுறை தட்டச்சு செய்கிறார். ஒரே எண் இத்தனை கைகளில் மாறும்போது, ஏதேனும் ஓரிடத்தில் பழைய எண் தங்கிவிடுகிறது. இந்த நிலையிலிருந்து முறையான தரவு மேலாண்மைக்கு மாற வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது? முதலில் தரவுத்தள மென்பொருளை வாங்க வேண்டுமா, அல்லது அதற்கு முன் செய்ய வேண்டியது வேறு ஏதும் உண்டா? இம்மாற்றத்தைச் செய்து பார்த்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

---

பதில் 1: தரவுமாதிரி

உங்கள் ஐயம் சரியானதே. பி.டி.எஃப். கோப்பைக் கண்ணால் படிக்கலாம். ஆனால் அதிலுள்ள 3000 என்பது எந்த ஓடுபாதையின் நீளம், அது மீட்டரா அடியா, எந்த நாளிலிருந்து செல்லும் என்பதெல்லாம் ஒரு கணினிக்கு அதிலிருந்து தெரியாது. ஆகவே அதைப் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் மீண்டும் கையால் தன் தரவுத்தளத்தில் ஏற்றுகிறது. இறுதியில் அந்த எண், விமானக் கணினிகளுக்கான தரவு வடிவமான ஏ.ஆர்.ஐ.என்.சி. 424க்கு மாறி, விமானத்தின் பறப்பு மேலாண்மைக் கணினிக்குள் போய் உட்காருகிறது. உங்கள் அலுவலகத்தில் நடக்கும் மறுதட்டச்சு, நீங்கள் காணாத இடங்களிலும் தொடர்கிறது என்பதை மேலதிகாரிகளுக்குச் சொல்லுங்கள்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோ, 2009ஆம் ஆண்டிலேயே தகவல் சேவையிலிருந்து தகவல் மேலாண்மைக்கு மாறுவதற்கான வழித்தடத்தை வெளியிட்டது. அதில் மூன்று கட்டங்களும் 21 படிகளும் இருந்தன. பிறகு 2018இல், தகவல் சேவைக்கான ஐக்காவோ விதிகளைக் கொண்ட 15ஆம் இணைப்பு மறுகட்டமைக்கப்பட்டது. விரிவான நடைமுறைகள் ஆவண எண் 10066க்கு மாற்றப்பட்டன. டிஜிட்டல் தரவுத் தொகுப்புகளாக வழங்க வேண்டியவை எவையென அதில் ஐந்து வகைகள் கூறப்பட்டுள்ளன: ஏ.ஐ.பி. தரவு, நிலப்பரப்பு, தடைகள், விமான நிலைய வரைபடத் தரவு, கருவிவழிப் பறப்பு நடைமுறைகள். இங்கே தரவே முதன்மையானது. ஆவணமும் வரைபடமும் அதிலிருந்து உருவாக்கப்படுபவை. உங்களிடம் இப்போது இருப்பது இதற்கு நேர் எதிரான வரிசை.

தரவு மாதிரியாகப் பெரும்பாலோர் கையாள்வது, ஐரோப்பிய வான்வழிப் போக்குவரத்து அமைப்பான யூரோகன்ட்ரோலும் அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமும் சேர்ந்து உருவாக்கிய ஏ.ஐ.எக்ஸ்.எம். ஆகும். அதன் 5ஆம் பதிப்பு வரிசையில் எனக்கு மிகவும் பெறுமதியாகத் தோன்றுவது, அது காலத்தைக் கையாளும் முறை. ஓடுபாதை என்ற பொருள் ஒன்று. அதன் பண்புகள் காலத்துண்டுகளாகப் பதிவாகின்றன. அடிப்படை நிலை ஒரு துண்டு, நிரந்தர மாற்றம் ஒரு துண்டு, தற்காலிக மாற்றம் இன்னொரு துண்டு. 3000 மீட்டர் ஓடுபாதையில் பராமரிப்புப் பணிக்காக ஆறு வாரங்களுக்கு 2400 மீட்டர் மட்டுமே கிடைக்கும் என்றால், அடிப்படை எண்ணை யாரும் தொடுவதில்லை. தொடக்கமும் முடிவும் குறித்த ஒரு தற்காலிகத் துண்டு அதன் மேல் வைக்கப்படுகிறது. பணி முடியும் நாளில் அது தானாகவே விலகுகிறது. "அடுத்த மாதம் 10ஆம் தேதி காலை 6 மணிக்கு இந்த ஓடுபாதையின் நீளம் என்ன?" என்று கேட்டால், அமைப்பு விடை சொல்கிறது. உங்கள் பி.டி.எஃப். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாது, ஏ.ஐ.பி.யையும் அதன் துணைப் பதிப்பையும் நோட்டாம்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மனிதர்தான் மனத்துக்குள் கூட்டிக் கழித்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே மென்பொருளை வாங்கும்போது திரை அழகாக இருக்கிறதா என்று பார்க்காமல், இந்தக் காலமுறையை முழுமையாகத் தாங்குகிறதா என்பதை முதலில் சோதியுங்கள். ஏ.ஐ.எக்ஸ்.எம். வடிவில் ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு என்று விற்பவர் சொல்வதும், உள்ளேயே அந்த மாதிரியில் தரவு வாழ்வதும் வேறு வேறு.

---

பதில் 2: அளவைக்கோல்

முந்தைய பதிலில் உள்ளவை அனைத்தும் சரி என்றாலும், தொடக்கப் புள்ளி குறித்து நான் மாறுபடுகிறேன். தரவு பிறப்பது உங்கள் அலுவலகத்தில் அல்ல. நில அளவையாளர், விமான நிலைய நிர்வாகம், நடைமுறை வடிவமைப்பாளர், மின்சாரத் துறை, கோபுரம் எழுப்பும் தொலைபேசி நிறுவனம் ஆகியோரிடம் அது பிறக்கிறது. அவர்களோடு முறையான ஒப்பந்தம் இல்லாமல் எவ்வளவு நல்ல தரவுத்தளத்தை வாங்கினாலும், அது தவறான எண்ணை ஒழுங்காகப் பாதுகாத்து வைக்கும், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் இதைத்தான் பலர் இரண்டு பக்கக் கடிதமாக முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தரவுக்கும் துல்லியம், பிரிதிறன், முழுமைநிலை வகை (தரவு சிதையாமல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பது) ஆகியவை ஐக்காவோவின் தரவுப் பட்டியலில் வரையறுக்கப்பட்டுள்ளன. ஓடுபாதை முனையின் ஆயத்தொலைகள் 1 மீட்டர் துல்லியத்தில் அளக்கப்பட வேண்டும். அவை மிக முக்கியமான வகையைச் சேர்ந்தவை. தடைகளுக்கு, நாடு முழுவதையும் குறிக்கும் 1ஆம் பகுதியில் கிடைமட்டத்தில் 50 மீட்டரும் செங்குத்தில் 30 மீட்டரும் போதும். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள 2ஆம் பகுதியிலோ 5 மீட்டரும் 3 மீட்டரும் தேவை. எண்ணை அனுப்புபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கருவியால், எந்த நாளில், யார் அளந்தார் என்பது எண்ணோடு சேர்ந்தே வர வேண்டும்.

அதேபோல, எந்த அடிப்படையில் அளந்தார் என்பதும் வர வேண்டும். 1998 ஜனவரி 1 முதல் டபிள்யூ.ஜி.எஸ்.-84 என்னும் உலக ஆயத்தொலை முறை பொது அடிப்படையாக இருக்கிறது. ஆனால் செயற்கைக்கோள் கருவி தரும் உயரம், பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரியான நீள்வட்டகத்திலிருந்து அளக்கப்படுவது, வரைபடத்தில் நாம் வெளியிடுவதோ கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுவது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு உலகின் சில இடங்களில் 100 மீட்டரைத் தாண்டும். "உயரம்" என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டும் கலந்து வந்த அட்டவணைகளை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு சிக்கல் எளியது, ஆனால் அடிக்கடி நேர்வது. 40 பாகை 00 நிமிடம் 30 நொடி என்பதை ஒருவர் 40.0030 என்று எழுதி அனுப்புகிறார். பெறுபவர் அதைப் பதின்மப் பாகையாக எடுத்துக்கொள்கிறார். சரியான பதின்ம மதிப்பு 40.00833. வேறுபாடு தரையில் ஏறத்தாழ 600 மீட்டர். இந்தத் தவறை, தரவு வழியில் மாறாததை உறுதிசெய்யும் 32 பிட் சி.ஆர்.சி. சோதனை பிடிக்காது. அனுப்பியதும் பெற்றதும் ஒன்றா என்பதை மட்டுமே அச்சோதனை சொல்லும். அனுப்பியதே தவறு என்றால் அதையும் அப்படியே உறுதிப்படுத்தும். அதனால்தான் தட்டச்சு செய்த அட்டவணை வேண்டாம், இயந்திரம் படிக்கக்கூடிய வரையறுத்த வடிவில் அனுப்புங்கள் என்று மூலத்தவரிடம் வலியுறுத்த வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தைக்கு ஒரு மென்பொருளும் தேவையில்லை, நாளைக்கே தொடங்கலாம்.

---

பதில் 3: பறப்புத்தாள்

நான் தகவலைப் பெறும் பக்கத்தில் இருப்பவன்; விமானங்களுக்கான பறப்புத் திட்டங்களைத் தயாரிக்கிறேன். மேலே இருவரும் கூறியவற்றை மதிக்கிறேன், ஆயினும் எங்களை நாள்தோறும் அழுத்துவது நோட்டாம்தான். ஒரு நெடுந்தூரப் பயணத்துக்கான தகவல் தொகுப்பில் பக்கம் பக்கமாக வரும் வரிகளில், எது உயிரைக் காக்கும் வரி, எது ஓடுபாதையிலிருந்து வெகுதொலைவிலுள்ள விளக்கில்லாத கிரேன் என்பதைக் களைப்புற்ற ஒருவர் சில நிமிடங்களில் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

2017 ஜூலை 7 இரவு சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடாவின் 759ஆம் விமானம், மூடப்பட்ட இணை ஓடுபாதையால் குழம்பி, நான்கு விமானங்கள் காத்திருந்த டாக்ஸிவேயை (ஓடுபாதைக்குச் செல்லும் இணைப்புப் பாதையை) ஓடுபாதையென எண்ணித் தாழ்ந்து வந்தது. தரையிலிருந்து சுமார் 60 அடி உயரம் வரை இறங்கிய பின்பே மேலெழுந்தது. அந்த ஓடுபாதை மூடப்பட்டிருப்பதைச் சொன்ன நோட்டாம், விமானிகளிடம் கொடுக்கப்பட்ட 27 பக்கத் தொகுப்பின் 8ஆம் பக்கத்தில் இருந்தது. தகவல் இருந்தது, வெளியிடப்பட்டும் இருந்தது. ஆனால் பயன்பட வேண்டிய நேரத்தில் அது கண்ணில் நிற்கவில்லை.

மூடப்பட்ட ஓடுபாதை என்பது பெரிய எழுத்துகளில் ஒரு வரியாக வராமல், இடமும் காலமும் பொருளும் குறித்த தரவாக வந்தால், எங்கள் அமைப்பு அதை வரைபடத்தின் மேலேயே சிவப்பாகக் காட்டும். எங்கள் விமானம் போய்ச் சேரும் நேரத்தோடு ஒப்பிட்டுத் தேவையற்றதை நீக்கும். டிஜிட்டல் நோட்டாம் என்று பேசப்படுவது இதுதான். அது வரும்வரை காத்திராமல் நீங்கள் இன்றே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. மூன்று மாதங்களும் அதற்கு மேலும் நீடிக்கும் மாற்றங்களை நோட்டாமாகவே புதுப்பித்துக்கொண்டு போகாமல், ஏ.ஐ.பி.யின் துணைப் பதிப்புக்கு மாற்றுங்கள். நிரந்தர நோட்டாம்களை உரிய திருத்தத்தில் சேர்த்து நீக்குங்கள். மாற்றங்களை முன்குறித்த பொது நாள்களில் செயலுக்குக் கொண்டுவரும் 28 நாள் ஐராக் சுழற்சியில், செயலுக்கு வரும் நாளுக்குக் குறைந்தது 28 நாள்களுக்கு முன் தகவல் எங்கள் கையில் இருக்க வேண்டும் என்ற விதியையும் தளர்த்தாதீர்கள். தாமதமாக வரும் ஒவ்வொரு திருத்தமும் இங்கே ஒரு நோட்டாமாகத்தான் முளைக்கிறது.

---

தகவல்மேசை (கேட்டவர்):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூல ஒப்பந்தங்களை உடனே தொடங்கலாம் என்பதும், பழைய நோட்டாம்களைக் களைவதை அதோடு சேர்த்தே செய்யலாம் என்பதும் தெளிவாகிறது. இன்னும் ஒரு கவலை உண்டு. எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்துவிட்டு, அது ஒருநாள் நின்றுபோனால் என்ன செய்வது என்று எங்கள் மூத்த பணியாளர்கள் கேட்கிறார்கள். அவர்கள் மாற்றத்தை வெறுப்பவர்கள் அல்லர். இந்த வேலையைப் பல ஆண்டுகள் பொறுப்போடு சுமந்தவர்கள். அவர்களுக்கு நேர்மையான விடை சொல்ல விரும்புகிறேன்.

---

பதில் 4: தரவுமாதிரி

அந்தக் கேள்வியைக் கேட்பவர்களை மாற்றக் குழுவில் முதலில் சேருங்கள். 2023 ஜனவரி 11 அன்று அமெரிக்காவில் நோட்டாம் அமைப்பு செயலிழந்ததால், நாடெங்கும் உள்நாட்டு விமானங்களின் புறப்பாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நிறுத்தப்பட்டது. முதன்மைத் தரவுத்தளத்தையும் மாற்றுத் தரவுத்தளத்தையும் ஒத்திசைக்கும் வேலையின்போது ஒப்பந்தப் பணியாளர்கள் தற்செயலாகக் கோப்புகளை அழித்ததே காரணம் என்று அந்நாட்டு நிர்வாகம் தெரிவித்தது. மாற்று அமைப்பு இருப்பது மட்டும் போதாது. இரண்டும் ஒரே தவறில் சேர்ந்து விழாதவாறு பிரிந்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனில் நடந்தது இன்னும் நேரடியாக நம் துறையைச் சேர்ந்தது. ஒரு பறப்புத் திட்டத்தில் டி.வி.எல். என்ற ஒரே குறியீட்டைக் கொண்ட இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று பிரான்சின் டோவில், மற்றொன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக். அவற்றைப் பிரித்தறிய இயலாத மென்பொருள் தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்று அமைப்பிலும் அதே மென்பொருள் இருந்ததால் அதுவும் அதே திட்டத்தைப் படித்து நின்றது. திட்டங்களைக் கையால் உள்ளிட வேண்டி வந்து, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டனர். குறியீட்டையே ஒரு பொருளின் அடையாளமாகக் கருதியதன் விளைவு இது. ஏ.ஐ.எக்ஸ்.எம். 5.1இல் ஒவ்வொரு பொருளுக்கும் உலகளவில் தனித்த அடையாள எண் வழங்கப்படுகிறது. உங்கள் தரவுத்தளத்தில் அந்த எண்ணை ஒருபோதும் மறுபயன்பாடு செய்யாதீர்கள், குறியீட்டின் அடிப்படையில் மட்டும் இணைப்புகளை உருவாக்கவும் வேண்டாம்.

மாறும் காலத்தில் பழைய முறையையும் புதியதையும் சில ஐராக் சுழற்சிகளுக்கு இணையாக ஓட்டுங்கள். ஆனால் இரண்டில் எது அதிகாரபூர்வமானது என்பதை முதல் நாளிலேயே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் ஆளுக்கொன்றைத் திருத்தத் தொடங்குவார்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் தரவுத்தளத்திலிருந்து உருவான அட்டவணையை நடப்பு ஏ.ஐ.பி.யோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். முரண்பாடு தென்படும்போது, ஏ.ஐ.பி.யில் உள்ளதே சரி என்று கொண்டு தரவுத்தளத்தை மாற்றிவிட வேண்டாம். மூலத்தவரிடம் திரும்பக் கேட்டு, அவர் தரும் விடையைத் தேதியுடன் பதிவு செய்யுங்கள். எந்த எண் எந்த ஆண்டில் ஏன் மாறியது என்பது உங்கள் மூத்த பணியாளர்களின் நினைவில்தான் இருக்கும் என்பதால், இந்த ஒப்பீட்டை அவர்களிடமே ஒப்படையுங்கள்.