சார்ம்ட்: ப்ரூ போன பிறகு நான்காவது சீசன் பார்க்கலாமா?

கருங்குவளை

எல்லோருக்கும் வணக்கம். 'சார்ம்ட்' தொடரை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1998இல் தொடங்கிய பழைய அமெரிக்கத் தொடர்; ப்ரூ, பைப்பர், ஃபீபி என்ற மூன்று சூனியக்காரிச் சகோதரிகளின் கதை. நேற்று மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடு முடிந்தது. ஷாக்ஸ் என்ற அரக்கன் சூறைக்காற்றாகச் சுழன்று வந்து ப்ரூவையும் பைப்பரையும் சுவரை உடைத்துக்கொண்டு விழும்படி அடித்துவிட்டுப் போகிறான். கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. யார் பிழைத்தார்கள் என்றுகூடச் சொல்லாமல் முடித்துவிட்டார்கள்.

பொறுக்க முடியாமல் தேடிப் படித்துவிட்டேன். ப்ரூவாக நடித்த ஷானன் டோஹர்டி அதோடு போய்விட்டாராம். அடுத்த சீசனில் ரோஸ் மெக்கோவன் பெய்ஜ் என்ற புதிய தங்கையாக வருகிறாராம். அம்மா இறந்த பிறகு தங்கைகளுக்கு அம்மாவாகவே இருந்தவள் ப்ரூ. அவளுக்காகத்தான் நான் இந்தத் தொடரையே பார்த்தேன். நம்ம ஊர் சீரியலில் 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டுவிட்டு அதே பாத்திரத்தைத் தொடர்வார்களே, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இத்தனை நாள் இல்லாத தங்கை திடீரென்று எங்கிருந்து முளைத்தாள்?

மேலே பார்க்கலாமா, இல்லை இதோடு நிறுத்திக்கொள்ளவா? பார்த்தவர்கள் சொல்லுங்கள். கதை தெரிந்தாலும் பரவாயில்லை.

பழைய_டிவிடி

நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் மூன்று சீசனில் இருந்த இருட்டும் பயமும் அப்புறம் வரவில்லை. ஐந்தாவது சீசன் தொடக்கத்திலேயே ஃபீபியைக் கடல்கன்னி ஆக்கிவிட்டார்கள். வாரம் ஒரு வேஷம், வாரம் ஒரு விக். ப்ரூ இருந்தவரை அந்த வீட்டில் ஒரு கண்டிப்பு இருந்தது.

நடுமகள்

டிவிடி அண்ணா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஐந்தாவது சீசன் பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் நான்காவது சீசனை அதோடு சேர்த்துக் கட்டித் தூக்கிப் போடாதீர்கள். என்னைக் கேட்டால் எட்டு சீசனில் நடிப்புக்காகப் பார்க்க வேண்டியது நான்காவதுதான், அதிலும் முதல் மூன்று எபிசோடுகள்.

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள், நான் நடு. அதனால் இந்தத் தொடரில் என் கண் எப்போதும் பைப்பர் மேல்தான் இருக்கும். முதல் மூன்று சீசனில் பைப்பரின் வேலை என்ன? ப்ரூவும் ஃபீபியும் மோதிக்கொண்டால் நடுவில் நிற்பது, சமைப்பது, புலம்புவது. முடிவெடுப்பது ப்ரூவின் வேலை, ஓடிப்போவது ஃபீபியின் வேலை. முதல் எபிசோடில் ஃபீபி நியூயார்க்கிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்து நிற்பாள் இல்லையா? அந்த விஷயத்தை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தது யார்? பைப்பர்தான்.

ப்ரூ செத்ததும் இந்த ஏற்பாடு மொத்தமும் கலைகிறது. இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. பெய்ஜ் வந்து உட்கார்ந்தது ப்ரூவின் இடத்தில் அல்ல, கடைக்குட்டியின் இடத்தில். கடைக்குட்டியாக இருந்த ஃபீபி நடுவுக்கு வருகிறாள். நடுவில் இருந்த பைப்பர், விரும்பாமலே மூத்தவள் ஆகிறாள். ஒருத்தி போனதற்கு மூன்று பேரும் இடம் மாற வேண்டியிருக்கிறது. ஒரு நடிகையை மாற்றி இன்னொருவரைப் போட்டிருந்தால் இது கிடைத்திருக்காது.

அப்படி ஆளை மாற்றிய அனுபவமும் இவர்களுக்கு உண்டு. ஒளிபரப்பாகாத பைலட்டில் (சோதனை எபிசோடில்) ஃபீபியாக நடித்தவர் லோரி ராம். அவர் விலகிய பிறகுதான் அலிசா மிலானோ வந்தார், காட்சிகளைத் திரும்பவும் எடுத்தார்கள். யாரும் பார்ப்பதற்கு முன்பே நடந்ததால் யாருக்கும் வலிக்கவில்லை. மூன்று வருடம், 66 எபிசோடு பார்த்து முடித்த அக்காவுக்கு அந்த வித்தை பலிக்குமா?

இப்போது நான்காவது சீசனின் தொடக்கத்துக்கு வருகிறேன். 2001 அக்டோபரில் வந்த இரண்டு பாகக் கதை. பைப்பர் பரண் அறையில் மந்திரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ப்ரூவைத் திரும்ப அழைக்க ஒவ்வொரு மந்திரமாகச் சொல்லிப் பார்ப்பாள். எதுவும் பலிக்காது. தொலைந்த சூனியக்காரியை அழைக்கும் மந்திரமும் அதில் ஒன்று. அது ப்ரூவைக் கொண்டுவரவில்லை, பெய்ஜைக் கொண்டுவந்துவிடுகிறது. அக்காவுக்காகச் சொன்ன மந்திரத்துக்கு முன்பின் தெரியாத ஒரு தங்கை வந்து நின்றால் பைப்பருக்கு எப்படி இருக்கும்? ப்ரூவின் இறுதிச்சடங்குக்கு அந்தப் பெண் வந்து நிற்பாள். தான் ஏன் வந்தோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது.

எங்கிருந்து முளைத்தாள் என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய அம்மா பேட்டிக்கும், அவளுக்குக் காவலாக இருந்த ஒயிட்லைட்டர் (சூனியக்காரிகளைக் காக்கும் தேவதை) சாமுக்கும் பிறந்தவள் பெய்ஜ். ஒயிட்லைட்டருக்கும் சூனியக்காரிக்கும் உறவு கூடாது என்பதால் குழந்தையைத் தேவாலயத்தில் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஒயிட்லைட்டரான லியோவும் பைப்பரும் கல்யாணத்துக்கு எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை நீங்கள் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. அதே சட்டம்தான் இங்கேயும். அதனால் கதை சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. பெயரும் மற்ற மூவரைப் போல ஆங்கில 'பி' (P) எழுத்தில்தான் தொடங்கும். பைப்பரின் க்ளப் பலகையில் 'பி3' என்று இருப்பதை மாற்றத் தேவையில்லை! சக்தியிலும் ஒரு புத்திசாலித்தனம் பண்ணியிருக்கிறார்கள். ப்ரூ கண்ணாலும் கையாலும் பொருள்களை நகர்த்துவாள். பெய்ஜ் பொருளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது ஒளியாகக் கரைந்து அவள் கைக்கு வரும். ப்ரூவின் சக்தியும் அப்பாவின் ஒயிட்லைட்டர் இரத்தமும் கலந்த மாதிரி.

மூன்றாவது எபிசோடுதான் நான் அடிக்கடி திரும்பப் பார்ப்பது. பெய்ஜ் மந்திரப் புத்தகத்தைத் தான் வேலை பார்க்கும் சமூக சேவை அலுவலகத்துக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பைப்பருக்கு ஆத்திரம் தலைக்கேறும். உள்ளே அடக்கி வைத்த கோபத்தால் அவள் ஃபியூரி என்ற பிசாசாகவே மாறிவிடுகிறாள். ஃபீபியும் பெய்ஜும் அவளைக் கல்லறையில் வைத்துத்தான் மடக்குகிறார்கள். அந்தக் கோபம் பெய்ஜ் மேல் இல்லை, ஷாக்ஸ் மேலும் இல்லை. தன்னை விட்டுவிட்டுப் போன ப்ரூ மேல். ஹோலி மேரி கோம்ப்ஸ் அந்தக் கல்லின் முன்னால் நின்று கத்துகிற இடத்தை, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் பாருங்கள். ஷானனும் ஹோலியும் இந்தத் தொடருக்கு முன்பே தோழிகள். தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் கனமாக இருக்கும்.

ஒரு மந்திரத் தொடர் நினைத்தால் ப்ரூவின் சாவை ஒரே எபிசோடில் கடந்திருக்கலாம். இவர்கள் பைப்பரைக் கோபப்பட விட்டார்கள், பெய்ஜோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்க விட்டார்கள். பார்க்கிற நமக்கும் பெய்ஜ் மேல் அதே எரிச்சல்தானே இருக்கும்? நம் எரிச்சலைப் பைப்பர் சுமந்துகொள்கிறாள். அவள் மெல்ல இறங்கி வரும்போது நாமும் இறங்கி வருகிறோம்.

கருங்குவளை

நடுமகள் அக்கா, இவ்வளவு சொன்ன பிறகு பார்க்காமல் இருக்க முடியாது. இன்னும் இரண்டு சந்தேகம். ஷானன் ஏன் போனார்? பாட்டியும் அம்மாவும் ஆவியாக அடிக்கடி வந்து போகிறார்களே, ப்ரூவும் அப்படி ஒருமுறையாவது வருவாளா?

தூங்காநகரம்

முதல் கேள்விக்கு: படப்பிடிப்பில் ஒத்துப்போகவில்லை என்று அப்போதிலிருந்தே பேச்சு உண்டு. 2023 கடைசியில் ஷானன் தன் பாட்காஸ்டில் ஹோலியையும் உட்கார வைத்துக்கொண்டு, தானாக விலகவில்லை, விலக்கப்பட்டேன் என்று சொன்னார். அலிசா மிலானோவின் பெயரும் அதில் அடிபட்டது. அலிசா அதை மறுத்தார். 2024 ஜூலையில் புற்றுநோயால் ஷானன் காலமாகிவிட்டார்.

இன்னொரு தகவல். நீங்கள் நேற்றுப் பார்த்த அந்தக் கடைசி எபிசோடை இயக்கியதே ஷானன்தான். தன் பாத்திரத்தின் கடைசி எபிசோடைத் தானே இயக்கிய நடிகை!

நடுமகள்

இரண்டாவது கேள்விக்கு: இல்லை. வரவே மாட்டாள். இந்தத் தொடர் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான்.

பாட்டியாக வரும் ஜெனிஃபர் ரோட்ஸ், அம்மாவாக வரும் ஃபினோலா ஹ்யூஸ் இரண்டு பேரும் வேண்டியபோதெல்லாம் மெழுகுவத்தி வட்டத்துக்குள் வந்து நிற்பார்கள். 2006 மே மாதம் வந்த கடைசி எபிசோடிலும் இருவரும் உண்டு. ப்ரூ மட்டும் இல்லை. நான்காவது சீசனுக்கு இதைச் சமாளிக்கத் தெரிந்தது: இப்போதே அக்காவைப் பார்த்தால் இவர்கள் துக்கத்திலிருந்து வெளியே வர மாட்டார்கள் என்பது காரணம். நியாயம்தான். ஆனால் அடுத்த நான்கு வருடத்துக்கும் அதே காரணம் ஓடுமா? போகப் போகப் பெயரைச் சொல்வதே குறைந்துவிடும்.

அந்தக் கடைசி எபிசோடில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. முதல் எபிசோடின் முடிவில் ப்ரூ தன் சக்தியால் வாசல் கதவைச் சாத்துவாள், நினைவிருக்கிறதா? கடைசியில் வயதான பைப்பரின் பேத்தி அதே மாதிரி சாத்துவாள். ப்ரூவை நினைத்து வைத்ததுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பழைய_டிவிடி

பேத்தி வரைக்கும் போய்விட்டீர்களா! சரி, நான்காவது சீசனை விட்டுவிடுகிறேன். எட்டாவதில் வந்த புதிய சூனியக்காரி பில்லிக்கு என்ன சொல்வீர்கள்?

நடுமகள்

பில்லி விஷயத்தில் உங்கள் கட்சிதான் அண்ணா. காரணம் அவளாக நடித்த கேலி க்யூகோ அல்ல, அவர் பாவம். அந்த வருடம் பட்ஜெட்டைக் குறைத்துவிட்டார்கள். போலீஸ்காரர் டாரலாக வந்த டோரியன் கிரகரி இல்லை. லியோவாக வந்த பிரையன் க்ராஸை ஏறக்குறைய பாதி சீசனுக்குக் காணோம். கதையில் லியோவை உறைய வைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இருக்கிறவர்களை அனுப்பிவிட்டுப் புதிதாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து, அவளுக்கு ஒரு தொலைந்த அக்கா, அந்த அக்காவைத் தேடுவது என்று போனால் நாங்கள் யாருக்காகப் பார்ப்பது? பெய்ஜ் வந்தபோது அவள் கதை பைப்பர், ஃபீபி கதைக்குள் வந்தது. பில்லி வந்தபோது இவர்கள் மூவரும் அவள் கதைக்குள் போய்விட்டார்கள்.

தூங்காநகரம்

2018இல் வந்த புதிய 'சார்ம்ட்' பார்த்தவர்கள் யாராவது உண்டா? மேசி, மெல், மேகி என்று வேறு மூன்று சகோதரிகள். அதிலும் மூத்தவள் மேசியாக நடித்த மேடலின் மேன்டாக் மூன்றாவது சீசனோடு விலகினார், மேசியைக் கொன்றார்கள். நான்காவதில் கைலா என்ற புதியவள் வந்தாள். அப்படியே பழைய கதை! ஆனால் 2022இல் அந்த நான்காவதோடு தொடரே முடிந்துபோனது.

நடுமகள்

பார்த்தேன். மேசிக்காக வருத்தப்பட்டேன். கைலாவோடு பழகுவதற்குள் கடையைச் சாத்திவிட்டார்கள். அவளுக்கு இன்னும் ஒரு சீசன் கொடுத்திருக்கலாம்.

கருங்குவளை, உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நான்காவது சீசனின் முதல் மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். பிறகு ஏழாவது: பைப்பர் மனநல மருத்துவமனையில் இருப்பதாகவும் மந்திரம் எல்லாம் அவளுடைய கற்பனை என்றும் பிசாசுகளின் தலைவன் சோர்ஸ் நம்ப வைக்கப் பார்ப்பான். பத்தாவதில் பெய்ஜ் தன் வளர்ப்புப் பெற்றோர் விபத்தில் இறந்த காலத்துக்குத் திரும்பிப் போவாள். அதைப் பார்த்த பிறகும் அவளைப் பிடிக்கவில்லை என்றால் டிவிடி அண்ணா கட்சியில் சேர்ந்துகொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சீசனின் பின்பாதியில் ஃபீபி காதலிக்கும் கோல் மேல் முதலில் சந்தேகப்படுவதும் பெய்ஜ்தான். ஃபீபி நம்ப மாட்டாள். புதிதாக வந்தவளுக்குத் தெரிவது வீட்டுக்காரிக்குத் தெரியாமல் போகிற அந்தப் பகுதி எனக்குப் பிடிக்கும்.

கோல் உங்களுக்கு அலுத்துப்போனால் ஐந்தாவது சீசனில் தொடரின் நூறாவது எபிசோடு வரை பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். அங்கே அவன் கதையை முடித்துவிடுவார்கள். அப்புறம் ஏழாவதில் ஒரே ஒருமுறை தலைகாட்டுவான், அவ்வளவுதான்.