எழுத்தாளர் கூட்டங்களுக்குப் போய் என்ன கிடைத்தது? போனவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை:
சித்தப்பா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், கதை எழுதுகிறான். "முகாம், கருத்தரங்குன்னு போனா என்னண்ணே கிடைக்கும்? அந்தக் காசுக்கு நாலு புத்தகம் வாங்கிடலாமே" என்றான். போனில் சொல்ல ஆரம்பித்து நீண்டுவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன். நீங்களும் சொன்னால் அவனுக்குக் காட்டுவேன்.

நான் முதலில் போனது ஒரு சிறுகதை முகாம். மலையடிவாரத்தில் பழைய சத்திரம், இரண்டு நாள், 22 பேர், சாப்பாடு சேர்த்து 600 ரூபாய். ஒரு மாதம் முன்பே எல்லோர் கதையையும் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். படிக்காமல் வந்தவர் பேசக் கூடாது. தன் கதையைப் பற்றிப் பேச்சு நடக்கும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. விதி அவ்வளவுதான்.

என் கதையில் ஒரு பாட்டி. விடிந்தால் மகன் வருகிறான் என்று ராத்திரி எட்டு மணிக்குக் கொல்லையில் முருங்கைக்கீரை ஒடிக்கிறாள். கையில் ஏதாவது வேலை இருக்கட்டுமே என்று நான் போட்ட கீரை அது. பலரும் முடிவைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் நடை நன்றாக இருக்கிறது என்றார். (அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பது அப்போது தெரியவில்லை, சந்தோஷமாக இருந்தது.) கடைசி வரிசையில் தேனிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கதை எழுதுகிறவர் இல்லை, படிக்கிறவர். அவர் கேட்டார்: "விளக்கு வச்ச பெறகு எந்தக் கிழவிய்யா மரத்துல கை வைப்பா? எங்க ஆத்தா ஒரு கறிவேப்பிலை கிள்ள விடாது, செடி தூங்குதுன்னு சொல்லும். இந்தப் பாட்டி தெரியாம ஒடிக்குதா, தெரிஞ்சே ஒடிக்குதா?"

காது சூடாகிவிட்டது. நான் டவுனில் வளர்ந்தவன், கட்டுக் கீரைதான் தெரியும். விதி மட்டும் இல்லையென்றால் "அது சும்மா வந்ததுங்க ஐயா" என்று சொல்லித் தப்பித்திருப்பேன். நான் பேசாததால் மற்றவர்கள் பேசினார்கள். முருங்கைக்கெல்லாம் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை என்றார் ஒரு கரூர்க்காரர். பார்ப்பார்கள், ஆனால் அவசரம் என்றால் மரத்திடம் சொல்லிவிட்டு ஒடிப்பார்கள் என்றார் ஒரு டீச்சர். கால் மணி நேரம் முருங்கை மரத்தைச் சுற்றியே ஓடியது, என்னை மறந்தே போனார்கள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன். பாட்டி மரத்தைத் தொட்டு என்னவோ முணுமுணுத்துவிட்டு ஒடிக்கிறாள். அந்த ஒரு வரி வந்ததும், மகன் எத்தனை வருஷம் கழித்து வருகிறான், ஏன் போனான் என்று நான் விளக்கிக்கொண்டிருந்த இரண்டு பத்திகளுக்கு வேலை இல்லாமல் போனது. அடித்துவிட்டேன்.

வீட்டில் என் கதையைப் படிப்பவர்கள் மூன்று பேர். மூவருக்கும் என்மேல் பிரியம். அவர்கள் வாயிலிருந்து அந்தக் கேள்வி வராது.

கூட்டத்தில் பேசக் கூச்சமாக இருக்கிறது என்பவர்கள் முதலில் சும்மா உட்கார்ந்து கேட்கிற இடத்துக்குப் போகலாம். விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் டிசம்பரில் கோவையில் விருது விழா நடத்துகிறதே, அந்த மாதிரி. 2010-இல் முதல் விருது எழுத்தாளர் ஆ. மாதவனுக்கு. இரண்டு நாள் நடக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது. எழுத்தாளர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார, வாசகர்கள் நேருக்கு நேர் கேட்பார்கள். மேடையை விட, மைக் பிடித்துக் கேட்பவர்களைப் பாருங்கள். புத்தகத்தைப் படித்துவிட்டுக் கேட்பவர் கேள்வி சின்னதாக இருக்கும்.

பனியன் கம்பெனி கணக்கர்:
உங்களுக்கு நல்லபடியா அமைஞ்சிருக்கு. நான் போன கதையைக் கேளுங்க. "இளம் படைப்பாளர் மாநாடு", பேர் பெருசு. முன்பதிவு 1,500. வாழ்த்துரையே பதினோரு மணிக்கு ஆரம்பிச்சு சாப்பாட்டு நேரம் வரைக்கும் போச்சு. மத்தியானம் வரிசையா நிக்க வச்சு ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு கேடயம், ஒரு போட்டோ. கேடயத்துல என் இனிஷியல் தப்பு. கவிதை தொகுப்புல வரும்னாங்க, வந்துச்சு, ஆனா நானே பத்துப் பிரதி வாங்கணும். இன்னும் ஏழு பிரதி பீரோ மேல கெடக்கு.

யாராவது என் கவிதையைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாங்களான்னு கேட்டா, இல்ல. பக்கத்துல நின்ன பையன் மட்டும் "அண்ணே, பொன்னாடையை என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டான். இப்ப எந்த அழைப்பு வந்தாலும் ஒண்ணுதான் பாக்கிறது. நாம எழுதினதை முன்கூட்டியே அனுப்பச் சொல்றாங்களா, பணத்தை மட்டும் அனுப்பச் சொல்றாங்களா?

மழையூர்க்காரி:
நான் இருப்பது சியாட்டில். 2023 மார்ச்சில் ஏடபிள்யூபி (AWP) என்ற அமெரிக்க எழுத்தாளர் அமைப்பின் மாநாடு இங்கேயே நடந்தது. 1967-இல் தொடங்கிய அமைப்பு, வருஷத்துக்கு ஒரு ஊர். ஓட்டல் செலவு மிச்சம் என்றுதான் போனேன், கட்டணமே சில நூறு டாலர். ஒரே நேரத்தில் பல அரங்குகள், கீழே கடல் மாதிரி புத்தகச் சந்தை. முதல் நாள் திருவிழாவில் தொலைந்த பிள்ளைபோலத் திரிந்தேன். யாரிடமும் பேசவில்லை. கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்துவிட்டு நகர்ந்து போகிறவர்கள் நிறைய. அது வலிக்கத்தான் செய்தது.

சனிக்கிழமை மதியம் நிலைமை மாறியது. கடைசி நாள், ஊருக்குச் சுமந்து போக வேண்டாம் என்று சிறு பதிப்பகங்கள் பத்திரிகைகளை அள்ளிக் கொடுப்பார்கள். கூட்டமும் குறைந்திருந்தது. மொழிபெயர்ப்புகள் வெளியிடும் ஒரு பத்திரிகையின் மேசையில், தமிழ்க் கதை ஒன்றை ஆங்கிலத்தில் செய்து வைத்திருக்கிறேன் என்றேன். அந்த அம்மா ஆர்வமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மூல ஆசிரியரின் எழுத்துபூர்வ அனுமதி இருக்கிறதா? எனக்கு அப்படி ஒன்று வேண்டும் என்பதே தெரியாது. ஆறு மாதம் உட்கார்ந்து செய்த வேலை. ஆசிரியர் காலமாகிவிட்டார், உரிமை பிள்ளைகளிடம், பிள்ளைகள் எங்கே என்று தேட வேண்டும். நிற்க வைத்தே முழுவதையும் விளக்கினார்: முதலில் அனுமதிக் கடிதம், பிறகு மொழிபெயர்ப்பு, அனுப்பும்போது கடிதத்தின் நகல். கடிதம் கைக்கு வர எனக்கு எட்டு மாதம் ஆனது. அடுத்த கதைக்கு முதல் வேலையே அதுதான்.

பொன்னாடை இங்கே கிடையாது, கணக்கர் அண்ணா. துணிப்பை கொடுப்பார்கள். என்னிடம் நாலு இருக்கிறது.

தீவான்:
நான் பாரிசில இருக்கிறன். ஐரோப்பாவில எங்கட ஆக்களுக்கு 'இலக்கியச் சந்திப்பு' எண்டு ஒண்டு இருக்கு. 1988இல ஜேர்மனியில தொடங்கினது. தலைவர், செயலாளர் எண்டு ஒருத்தரும் இல்லை, ஒவ்வொரு முறையும் வேற நகரம். 2013இல யாழ்ப்பாணத்திலயும் நடந்தது.

நான் போகேக்க ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவுற வேலை. அதைப் பற்றித்தான் கவிதை எழுதிக்கொண்டிருந்தன். இப்படி ஒருத்தரும் எழுதேல்லை, நான்தான் முதல் ஆள் எண்டு ஒரு நினைப்பு. இடைவேளையில ஒரு ஐயா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதையும் ஒருக்காப் பாரும்" எண்டு ஒரு பையைத் தந்தார். உள்ள எண்பது, தொண்ணூறுகளில அகதியா வந்த ஆக்கள் இஞ்ச நடத்தின சிறுபத்திரிகையளின்ர பிரதியள். கையெழுத்தில எழுதிப் போட்டோக்கொப்பி எடுத்ததும் கிடந்தது. ரயிலில வாசிச்சுக்கொண்டு வந்தன். கோப்பை கழுவின கவிதை மட்டும் மூண்டு. அதில ஒண்டு நான் பிறக்க முதல் எழுதினது, என்ரயை விட நல்லது.

ரெண்டு கிழமை ஒண்டும் எழுதேல்லை. பிறகு எழுதினது வேற மாதிரி வந்தது. அந்தப் பையை இன்னும் திருப்பிக் குடுக்கேல்லை, ஐயா கண்டால் ஏசுவார்.

பனியன் கம்பெனி கணக்கர்:
தீவான் தம்பி, அந்தப் பிரதிகளை ஸ்கேன் பண்ணி வைங்க, புண்ணியமாப் போகும். வைகைக்கரை சார், அந்த முருங்கைக்கீரைக் கதை எங்க வந்துச்சு? படிக்கணுமே.

வைகைக்கரை:
எங்கேயும் வரலை. ரெண்டு பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது, மூணாவதுக்கு அனுப்பி நாலு மாசமாச்சு. தேனிக்காரர் மட்டும் மாசம் ஒரு தடவை போன் போடுகிறார். ஹலோ எல்லாம் கிடையாது. எடுத்ததும், "என்னய்யா, கீரை என்னாச்சு?"