முதிர்ந்த போர்தோ ஒயின்: திறந்ததும் குடிப்பதா, காற்றாட விடுவதா?

கரிசல்காற்று:
இந்த வாரக் கடைசியில் ஒரு லெயோவில் பார்த்தோன் 1996 திறக்கிறோம். பிரான்ஸில் போர்தோவின் சேன் ஜூலியன் பகுதி ஒயின், கபர்னே சோவினியோன் திராட்சை தூக்கலாக இருக்கும். காற்றாடுவதற்காக மூன்று மணி நேரம் முன்பே டிகேன்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைக்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. இத்தனை வருடம் பாட்டிலுக்குள் சேர்ந்த மணத்தை யாரும் முகராமலேயே பறக்க விடுவானேன்? குடிப்பதற்குச் சற்று முன்னால் அடியில் படிந்த மண்டியைப் பிரித்து எடுத்தால் போதும்.

மேற்குச்சாரல்:
பழையது என்பதற்காக எல்லா பாட்டிலுக்கும் ஒரே வைத்தியம் பார்க்காதீர்கள். 1996, சேன் ஜூலியன் அடங்கிய மெதோக் பகுதியில் கபர்னேவுக்கு நன்றாக அமைந்த ஆண்டு. துவர்ப்பைத் தரும் டானின் இறுக்கமாக இருக்கும், அதிலும் பார்த்தோன் நிதானமாகத்தான் பதமாகும். திறந்ததும் குடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும், மணமும் முழுசாக வெளியே வராது. இரண்டு மணி நேரமாவது காற்று வேண்டும். 1961 பாட்டிலாக இருந்தால் நானே உங்கள் பக்கம் நிற்பேன்.

கரிசல்காற்று:
காற்று வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது கோப்பையிலேயே கிடைக்கிறது. போர்தோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய எமில் பெனோ இதைத்தான் வலியுறுத்தினார்: மண்டி இருந்தால் மட்டும் டிகேன்டர், அதுவும் பரிமாறும் நேரத்தில். குறையில்லாத ஒயினை மணிக்கணக்கில் திறந்து வைத்தால் மணம் கலைந்துதான் போகும் என்பது அவர் வாதம்.

நான் செய்யப்போவது இதுதான். இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்து மண்டியை அடியில் இறக்குவேன். பழைய கார்க் நடுவில் பொடிந்துவிடும் என்பதால் திருகாணி வேண்டாம், இரண்டு தகடு உள்ள திறப்பான்தான். கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தி. கையை நிறுத்தாமல் ஒரே சீராக ஊற்ற வேண்டும், நடுவில் நிமிர்த்தினால் அடி கலங்கிவிடும். பாட்டிலின் தோளில் கருப்பாக ஒரு இழை நகர்ந்து வருவது தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் நேராகக் கோப்பைக்கு. முதல் பத்து நிமிடம் பிடிகொடுக்காமல் இருக்கும். பிறகு தேவதாரு மரம், புகையிலை, பதப்படுத்திய தோல் என்று ஒவ்வொன்றாக வரும். அந்த மாற்றத்தைக் கூடவே இருந்து பார்க்கத்தான் இவ்வளவு காலம் காத்திருப்பது.

தனிமரம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு காலம் எதற்குக் காக்க வேண்டும் என்பதே என் கேள்வி. 1976 பாரிஸில் பெயர் மறைத்து நடந்த போட்டியில் சிவப்பு ஒயினில் கலிபோர்னியா ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம், போர்தோவின் மூத்தோன் ரோத்ஷீல்ட் 1970 இரண்டாமிடம். "பொறுங்கள், எங்கள் ஒயின் முதிர்ந்தால்தான் தெரியும்" என்பதுதான் அன்று பிரெஞ்சுத் தரப்பின் சமாதானம். 2006இல் அதே ஒயின்களை மறுபடி சுவைத்தார்கள். முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கு. முதிர்ச்சி என்ற பெயரில் பழச்சுவையைப் பறிகொடுக்கிறோம். போர்தோ 1975ஐப் பாருங்கள், பல பாட்டில்களில் டானின் இளகுவதற்குள் பழம் வற்றிவிட்டது.

மேற்குச்சாரல்:
2006இல் முதலில் வந்தது எது? ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971. அப்போது அதற்கு 35 வயது, 1976இல் ஐந்தாவதாக இருந்தது. முதிர்ந்துதான் முதலிடம் பிடித்திருக்கிறது. உங்கள் உதாரணம் எங்கள் கட்சிக்கே சாட்சி சொல்கிறது. 1975 விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. எல்லா ஆண்டும் காத்திருக்கத் தகுதியானவை அல்ல.

தனிமரம்:
ரிட்ஜ் விஷயம் நியாயம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 2001இல் வெளிவந்த ஒரு ஆய்வு இருக்கிறது. பிரெடெரிக் புரோஷே குழுவினர் போர்தோவில் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு எழுதும் சொற்களையே அவர்கள் அதற்கும் எழுதினார்கள். நிறத்துக்கே மூக்கு இப்படி வளைந்து கொடுக்கிறதென்றால், லேபிளில் 1996 என்று பார்த்தவர் சொல்லும் தேவதாருவை எப்படி நம்புவது? காளான் வாசமும் தோல் வாசமும் பிடிக்காதவரைச் சுவை தெரியாதவர் என்று ஒதுக்குவதும் எனக்கு ஒப்பாது.

கரிசல்காற்று:
பிடிக்காதவரை யாரும் ஒதுக்க வேண்டாம். ஆனால் முதிர்ச்சி வெறும் கற்பனை இல்லை. டானினும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் படிகின்றன, அதுதான் மண்டி. கோப்பையைச் சாய்த்தால் விளிம்பு செங்கல் நிறத்தில் தெரிவதும் அதனால்தான். நாக்குக்கும் வித்தியாசம் தெரியும், லேபிளை மறைத்தாலும் தெரியும்.

மேற்குச்சாரல்:
அப்படியானால் லேபிளை மறைத்தே பார்த்துவிடலாமே. பாதியை இரண்டு மணி நேரம் முன்பே டிகேன்டரில் ஊற்றுங்கள், மீதியைக் கார்க் போட்டு வையுங்கள். எது எது என்று தெரியாத ஒருவர் ஊற்றிக் கொடுக்கட்டும்.

கரிசல்காற்று:
பாதி ஊற்றி நிமிர்த்தினால் மண்டி முழுதும் கலங்கிவிடும், மீதிப் பாதியிலும் காற்று புகுந்துவிடும். அது சரியான ஒப்பீடு ஆகாது. இரண்டு பாட்டில் வேண்டும், என்னிடம் இருப்பது ஒன்று. திறந்ததும் ஒரு வாய் ருசித்துப் பார்ப்பேன். நீங்கள் சொன்ன மாதிரி நாக்கை இழுத்தால் அரை மணி நேரம் தருகிறேன், அதற்கு மேல் தர மாட்டேன்.

மேற்குச்சாரல்:
அரை மணி இந்த ஒயினுக்குப் போதாது. கடைசிக் கோப்பையையாவது ஒரு மணி நேரம் தொடாமல் வையுங்கள். அதில் என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள்.