மெழுகெரி வார்ப்பா, மெழுகுவடி வார்ப்பா?

வவுனியாவிலிருந்து:

மெழுகில் உருச் செய்து, மேலே மண் பூசிக் கூடாக்கி, மெழுகை உருக்கி இறக்கிவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றும் வெண்கலச் சிலை வார்ப்புக்கு, ஆங்கில ‘lost-wax casting’ஐப் பெயர்த்து, நம் சொற்பட்டியலில் ‘இழந்த மெழுகு வார்ப்பு’ என்று எழுதி வருகிறோம். யார் இழந்தது? பட்டறையில் மெழுகை ஒருவரும் இழப்பதில்லை. மண்கூட்டைச் சூடாக்கிச் சரித்து, தண்ணீர்ச் சட்டியில் பிடித்து, அடுத்த உருவுக்குச் சேர்த்துவிடுவார்கள். அழிவது மெழுகுருவும் கடைசியில் உடைபடும் மண்கூடும்தான். அதனால்தான் ஓர் உருவுக்கு ஒரு சிலை. சிற்பநூல்கள் சொல்லும் ‘மதூச்சிட்ட விதானம்’ என்ற பெயரிலும் இழப்பு இல்லை. தேன் எடுத்தபின் மிஞ்சுவது என்றுதான் மெழுகைக் குறிக்கிறது. ‘மெழுகெரி வார்ப்பு’ எப்படி?

கிளிநொச்சியிலிருந்து:

ஐயா, ‘எரி’ வேண்டாம். அதை வாசித்துவிட்டு ஒரு பெடியன் கூட்டை நேரே பெருநெருப்பில் வைத்தால் வேலை கெட்டுப்போகும். மெழுகு 62–64 பாகை செல்சியசில் உருகுகிறது, உருகும்போது விரிகிறது. ஊற்றுவாய்ப் பக்கம் முதலில் சூடேறி வழி திறக்காவிட்டால் உள்ளே விரியும் மெழுகு மண்ணைப் பிளக்கும். வரட்டி மூட்டி, வாயைக் கீழே பார்க்கவைத்து, மெழுகு முழுதும் இறங்கிய பிறகே கூட்டைச் செந்தணலாகச் சுட வேண்டும். அந்த இரண்டாம் சூட்டில் எரிவது மண்ணில் ஊறிய மிச்சம் மட்டும். அது எரியாமல் கிடந்தால், உலோகம் பட்டதும் வாயுவாகிச் சிலையில் குமிழ்க்குழி விழும். ஈரம் நின்றால் இன்னும் மோசம்: ஆவி உலோகத்தை வாயாலேயே திருப்பி எறியும், ஆளுக்கே ஆபத்து.

நடப்பது வடித்தல். ஆகவே ‘மெழுகுவடி வார்ப்பு’. சிலை வடித்தல் என்ற வழக்கும் அதற்குள் கிடக்கிறது.

மாங்குளத்திலிருந்து:

‘கருக்கட்டி வார்த்தல்’ என்று அச்சை வைத்துப் பெயரிடலாமே என்று நினைத்தேன். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குக் கருக்கட்டல் என்றால் உயிரியல் பாடம். சரிவராது. மெழுகுவடிக்கு என் வாக்கு.

பெயரோடு விளக்கமும் சேரட்டும். தேன்மெழுகோடு இடித்த குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்து உருக்கி வடிகட்டுவது. குங்கிலியம் இறுக்கம் தரும், எண்ணெய் இளக்கும். எங்கள் வெயிலுக்கு எண்ணெயைக் குறைக்காவிட்டால் உருவின் விரல் வளையும். முதற்பூச்சு, சீலையில் அரித்த குளத்து வண்டலும் அரைத்த உமிக்கரியும். நகையும் மடிப்பும் இந்தப் பூச்சில்தான் பதியும். தடிப்பாக அப்பினால் காற்று அடைபட்டு, சிலையில் உலோக மணிகளாக வரும். அது நிழலில் காய்ந்தபிறகு வயல் களிமண்ணும் மணலும் சேர்ந்த பூச்சு, அதன்மேல் பருமணல் கூடிய பூச்சு, பிறகு கம்பிக்கட்டு. சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெளியில் வைத்தால் மேல்மண் முந்தி இறுகி வெடிக்கும். வெடிப்புக்குள் ஓடிய உலோகத்தை அரத்தால் அராவி மாளாது.

எடைக்கணக்கும் வேண்டும். வெண்கலத்தின் அடர்த்தி ஏறக்குறைய 8.8, தேன்மெழுகினது 0.96. எனவே மெழுகின் எடையைப் போல் ஒன்பது மடங்கு. குங்கிலியம் மெழுகைவிடக் கனம், அது கூடக்கூட மடங்கு சற்று இறங்கும். உலோகம் ஓடும் வழிகளுக்கான மெழுகுக் குழாய்களோடு 1.5 கிலோ மெழுகு என்றால் 13.5 கிலோ, உலோகம் உருக்கும் மூசையில் ஒட்டுவதற்கும் கசடுக்கும் சேர்த்து 15 கிலோ உருக்குவது நல்லது. இடையில் நிறுத்தி மறுபடி ஊற்றினால் இரண்டு ஊற்றும் ஒட்டாமல் தழும்பு நிற்கும்.

கிளிநொச்சியிலிருந்து:

நன்றி அண்ணை. உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். உலோகம் இறங்கும் வழி ‘ஊற்றுவாய்’, உள்ளே பிரியும் கிளைகள் ‘வாய்க்கால்’. மறுபக்கம் காற்று வெளியேறி, கடைசியில் உலோகமே தலைகாட்டும் வழி இருக்கிறதே, அதற்கு, குளத்தின் மிகைநீர் வழியும் வாயைச் சொல்வதுபோல் ‘வான்’. குளம் வான் பாய்ந்தால் நிறைந்துவிட்டது என்று வன்னியில் ஆருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வான் பாயாமல் உலோகம் நின்றால் கூடு ஆறிவிட்டது, அல்லது உலோகச் சூடு போதவில்லை. 90க்கு 10 செம்பு–வெள்ளீய வெண்கலம் 1000 பாகையளவில் முழுதும் உருகும், ஊற்றுவது அதற்கு மேலே.

வவுனியாவிலிருந்து:

எரியைக் கைவிடுகிறேன், மெழுகுவடி வார்ப்பு. ஆனால் தம்பி, ‘வான்’ வன்னிக்கு வெளியே ஆகாயமாகிவிடும். பட்டியலில் ‘வான்வழி’ என்று போட்டால் விமானம் பறக்கும்! ‘வான்வாய்’ என்றால் ஊற்றுவாயோடு சோடி சேர்கிறது.

உள்ளே மண் வைத்துப் பொள்ளலாக வார்க்கும் வகைக்கு ‘பொள் வார்ப்பு’, முழுக்க உலோகமானதற்கு ‘கனவார்ப்பு’. மெழுகு இறங்கியதும் உள்மண்ணைத் தாங்க ஒன்றுமில்லை. கூட்டுக்கும் அதற்கும் குறுக்கே முன்கூட்டியே ஏற்றும் ஆணிகள்தான் பிடித்துக்கொள்ளும். உள்மண் அசைந்தால் ஒருபக்கச் சுவர் தடித்து மறுபக்கம் ஓட்டை. அந்த ஆணிக்கு ‘தாங்காணி’ என்று எழுதியிருக்கிறேன்; பட்டறைகளில் வேறு சொல் புழங்கினால் அதையே வைப்போம்.