வீடுகளைப் புதுப்பித்தல்: செலவையும் கார்பன் உமிழ்வையும் சேர்த்துக் கணக்கிட உதவி தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். பழைய குடியிருப்புகளைப் புதுப்பிக்கும்போது சுவர்க் காப்பு, கூரைக் காப்பு (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் அடுக்குகள்), இரட்டைக் கண்ணாடி சன்னல், ஹீட் பம்ப் (மின்சாரத்தால் இயங்கி வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) ஆகியவற்றில் எந்தச் சேர்க்கை குறைந்த செலவில் உமிழ்வை அதிகம் குறைக்கும் என்று ஆராய்ந்து வருகிறேன். 2002-இல் வெளியான என்எஸ்ஜிஏ-2 என்ற மரபணு அல்காரிதத்தை (பல தீர்வுகளைக் கலந்து தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் கணினி முறையை) கொண்டு பரேட்டோ எல்லையை, அதாவது செலவு, உமிழ்வு இரண்டில் ஒன்றைக் கூட்டாமல் மற்றொன்றைக் குறைக்க முடியாத சேர்க்கைகளின் தொகுப்பை, வரைகிறேன். இரண்டு இலக்குகளையும் எடையிட்டு ஒரே எண்ணாக்க எனக்கு மனமில்லை, ஏனெனில் எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டியவர் அந்த வீட்டில் குடியிருப்பவர்தான்.

காப்பின் தடிமனில்தான் சிக்கல். தடிமனை இரட்டிப்பாக்கினால் அதன் வழியே வெளியேறும் வெப்பம் ஏறத்தாழப் பாதியாகிறது. அடுத்த இரட்டிப்பில் கூடுதலாக மிச்சமாவது அதிலும் பாதிதான். பொருளைத் தயாரிக்கும்போது வெளியாகும் உமிழ்வோ தடிமனுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதோடு, தொடக்கத்திலேயே நிகழ்ந்தும் விடுகிறது. காப்பினால் தவிர்க்கப்படும் உமிழ்வோ பல ஆண்டுகளில் பரவி, மின்சார உற்பத்தி தூய்மையாக ஆக ஆகச் சுருங்குகிறது.

மின்சாரத்தின் உமிழ்வுக் காரணியை (ஓர் அலகு மின்சாரத்துக்கு வெளியாகும் கார்பனின் அளவை) ஆண்டுவாரியாகக் குறைத்துக் கணக்கிடும் நடைமுறையை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். செலவுக்குப் பயன்படுத்தும் தள்ளுபடி விகிதத்தை (எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் விகிதத்தை) உமிழ்வுக்கும் பொருத்துவது சரியன்று என்பது என் கருத்து; மாற்றுக் கருத்துடையவர்கள் காரணத்தோடு எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.