டிராகனை நம்பினோம், பயண நேரத்தை நம்பவில்லை: மாயத் தொடர்களும் லாஜிக் ஓட்டைகளும்

மதுரை கே. புதூரிலிருந்து:

தொடர்களில் நாம் கண்ட லாஜிக் ஓட்டைகளையும், அவற்றுக்காக யாரோடு வாதாடினோம் என்பதையும் எழுதலாம் என்றதும் எனக்கு என் பெரியப்பாதான் நினைவுக்கு வந்தார். அவர் நத்தம் வழித்தடத்தில் நெடுங்காலம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்துக்கொண்டிருந்த விடுமுறையில் அவரும் அருகில் வந்து அமர்ந்துவிட்டார். (சில காட்சிகளை நான் அவசரமாகத் தள்ளி ஓட்டியதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.) யார் யாருக்குப் பிள்ளை, யார் யாரைக் கொன்றார் என்பதிலெல்லாம் அவருக்கு அக்கறை இல்லை. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறார்கள், எத்தனை நாள் வழி என்பதை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

2011இல் வந்த முதல் அத்தியாயத்தில், அரசர் ராபர்ட் வடக்கே உள்ள வின்டர்ஃபெல் கோட்டையில் வந்து இறங்கிய கையோடு நிலவறைக் கல்லறைக்குப் போக வேண்டும் என்கிறார். ஒரு மாதமாகப் பயணம் செய்து வந்திருக்கிறோமே என்று அரசி சலித்துக்கொள்கிறாள். அந்த ஒரு வசனத்திலேயே பெரியப்பாவுக்குத் தொடரின் மீது மரியாதை வந்துவிட்டது. தலைநகருக்கும் வடக்குக்கும் ஒரு மாத வழி என்பதை அவர் அதன் பிறகு மறக்கவே இல்லை.

வினை வந்தது ஏழாம் பருவத்தின் ஆறாம் அத்தியாயத்தில். அது 2017 ஆகஸ்டில் ஒளிபரப்பானது. உறைந்த ஏரியின் நடுவிலிருந்த பாறை ஒன்றில் ஜான் ஸ்னோவும் கூட்டாளிகளும் சிக்கிக்கொள்கிறார்கள். உதவி கேட்கக் கூட்டாளிகளில் ஒருவனான ஜென்ட்ரி பனியில் ஓடிச் சுவரோரக் கோட்டையை அடைகிறான். அங்கிருந்து அண்டங்காக்கை ஓலையுடன் தெற்கே டிராகன்ஸ்டோன் தீவுக்குப் பறக்கிறது. ஓலையைக் கண்ட அரசி டெனேரிஸ் தன் டிராகன்களோடு வடக்கே பறந்து வந்து மீட்கிறாள். திரையில் இவையெல்லாம் ஓர் இரவுக்குள் முடிந்தது போலவே தோன்றுகின்றன. பெரியப்பா தொடரை நிறுத்தச் சொன்னார். டிராகன் நெருப்பைக் கக்குவதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஓடியவன் எப்போது போய்ச் சேர்ந்தான், காக்கை எப்போது கிளம்பியது என்பதற்கு மட்டும் கணக்குக் கேட்டார். மாயக்கதையில் இதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று நான் சொன்னதற்கு அவர் தந்த பதில் இதுதான்: "அழகரே இருபத்தோரு கிலோமீட்டர் வர்றதுக்குள்ள தங்கச்சி கல்யாணம் முடிஞ்சுபோகுதுடா. சாமிக்கே வழி இருக்கு, காக்காய்க்குக் கிடையாதா?"

அழகர் போகும் பாதையில் குடியிருக்கும் எனக்கு அதை மறுக்க முடியவில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி, மண்டகப்படிகளில் நின்று நின்று, மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு, குதிரை வாகனத்தில் வைகைக்கு வருவதற்குள் தங்கை மீனாட்சி கல்யாணம் முடிந்துவிடுகிறது என்பதுதான் ஊர்க்கதை. அவர் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நிற்கக் கூடியவர் என்று வைத்துக்கொண்டால் தாமதமும் இல்லை, கோபமும் இல்லை, ஆற்றோடு திரும்பி வண்டியூர் போவதும் இல்லை. நடக்க முடியாதது நடப்பதை நான் ஓட்டை என்று சொல்ல மாட்டேன்; கதை தானே வகுத்த விதியைத் தானே மீறுவதுதான் ஓட்டை. முதல் பருவத்தில் ஒரு மாத வழி என்று சொல்லப்பட்டதால்தான் வின்டர்ஃபெல் தலைவர் நெட் ஸ்டார்க் குடும்பத்தை விட்டுப் பிரிந்தது நமக்கு வலித்தது. பிற்பாடு எல்லோரும் நினைத்த இடத்தில் நினைத்த நேரத்தில் நின்றபோது, பிரிவுக்கும் அந்த வலி இல்லாமல் போயிற்று. காக்கை பறந்த அந்த அத்தியாயத்தை இயக்கிய ஆலன் டெய்லரே காலக் கணக்கு சற்று மங்கலாகிவிட்டதைப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, பேருந்து போய்வரும் நேரத்தை டிரிப் ஷீட்டில் எழுதாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்.

திருநகரிலிருந்து:

புதூர்க்காரர் சொல்லும் விதியை நானும் ஏற்கிறேன்; ஆனால் காலப்பயணக் கதைகளில் அந்த விதியே வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. என் தம்பி, மின்னல் வேகத்தில் ஓடிக் காலத்தையும் கடக்கும் பேரியின் கதையான 'த ஃப்ளாஷ்' தொடருக்காக நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் காலக்கோடுகள் வரைந்து வைத்திருந்தான். 2015 மே மாதத்தில் முதல் பருவம் முடிந்தபோது, துப்பறியும் காவலர் எடி தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். எதிர்காலத்திலிருந்து வந்த வில்லனும் தன் வழித்தோன்றலுமான இயோபார்ட் பிறக்கவே கூடாது என்பது அவன் நோக்கம். இயோபார்டும் நம் கண்ணெதிரே கரைந்து மறைகிறான். அவன் பிறக்கவே இல்லையென்றால் பேரியின் தாயைக் கொன்றது யார் என்று தம்பி இரவெல்லாம் கேட்டான். இரண்டாம் பருவத்தில் அதே இயோபார்ட் உயிரோடு வந்து நிற்கிறான். வேக நாயகர்களுக்கு ஆற்றல் தரும் 'ஸ்பீட் ஃபோர்ஸ்' காப்பாற்றியது என்று விளக்கம் தருகிறார்கள். எனக்கு அந்த முரண்பாட்டின் மீது கோபம் இல்லை. வில்லன் திரும்பத் திரும்ப வந்ததால், எவருக்கும் தீங்கு நினைக்காத எடி செய்த ஒரே பெரிய காரியம் வீணாகிப்போனதுதான் என் மனக்குறை.

அதே கதையுலகம் ஒருமுறை கணக்கை நேர்மையாகத் தீர்த்ததையும் சொல்ல வேண்டும். பேரி கடந்த காலத்தைத் திருத்தப் போனதன் விளைவாக, 'ஆரோ' தொடரில் வரும் டிகிளின் சின்னப் பெண் சாரா இல்லாமல் போய், அவள் இடத்தில் ஒரு மகன் இருக்கிறான். எந்தக் குழந்தையை இழந்தோம் என்பதுகூடத் தகப்பனுக்கு முதலில் தெரியாது. அதைக் கண்டபோது தம்பி காலக்கோடு வரைவதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

மேலூரிலிருந்து:

ஓட்டைகள் சில நேரம் கதாபாத்திரத்துக்கு நன்மை செய்கின்றன என்பதற்கு என் மகளோடு நடந்த சண்டையே சாட்சி. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' இரண்டாம் பருவத்தில், வில் என்ற சிறுவனின் பிறந்தநாள் மார்ச் 22 என்று அவன் தாய் ஜாய்ஸ் வாயாலேயே சொல்கிறாள். 2022இல் வந்த நான்காம் பருவத்தில், ஸ்கேட்டிங் அரங்கில் எடுக்கப்படும் வீடியோவில் அதே மார்ச் 22 தேதி தெரிகிறது. ஆனால் தாயோ, அண்ணனோ, உயிர் நண்பன் மைக்கோ ஒரு வாழ்த்துக்கூடச் சொல்வதில்லை. தொடரை உருவாக்கிய டஃபர் சகோதரர்கள், அது வேண்டுமென்று செய்ததன்று, தாங்களே மறந்துவிட்டோம் என்றார்கள். பழைய வசனத்தில் மார்ச் என்பதை மே என்று மாற்றிவிடலாமா என்றும் பேசினார்கள்.

என் மகள் அந்த விளக்கத்தை ஏற்க மறுத்துவிட்டாள். முதல் பருவத்தில் காணாமல் போனதிலிருந்தே வில் மற்றவர்கள் தேடும் பொருளாக மட்டும் இருக்கிறான். அவன் கிடைத்துவிட்ட பிறகு யாரும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே பிறந்தநாளை மறந்ததுதான் தொடரிலேயே மிக உண்மையான செய்தி என்பது அவள் வாதம். எழுதியவர்கள் மறந்தது வேறு, கதைக்குள் இருப்பவர்கள் மறந்தது வேறு என்று நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "எழுதுனவங்களே அவனை மறந்துட்டாங்கன்னா அது இன்னும் பாவம்தானே அப்பா" என்றாள். மூன்று பெண்களில் நடுவில் பிறந்தவள் அவள் என்பதால், நான் அந்தப் பேச்சை மேலும் வளர்க்கவில்லை.

அரசரடி ரயில்வே காலனியிலிருந்து:

நீங்கள் எல்லோரும் மொழி புரிந்து பார்த்தவர்கள். 1997இல் தூர்தர்ஷனில் 'சக்திமான்' தொடங்கியபோது எங்கள் வரிசையில் இந்தி தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். நாக்பூரில் வேலை பார்த்துவிட்டு மாற்றலாகி வந்த ரயில்வே மாமா. அவர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்லத்தான் நாங்கள் கதை கேட்டோம். ஒரு மூக்குக் கண்ணாடியும் துருத்திய பல்லும் வைத்துக்கொண்டால், சக்திமானின் மாறுவேடமான கங்காதரை எவரும் அடையாளம் காண மாட்டார்களா, ஒரே பத்திரிகையில் வேலை செய்யும் கீதா விஸ்வாஸுக்குமா தெரியாது என்று நாங்கள் கேட்டோம். மாமா கொஞ்சமும் தயங்காமல், அவளுக்கு முதல் நாளே தெரியும், வெளியே சொன்னால் ஆசிரியர் அவளைக் காலம் முழுவதும் சக்திமான் செய்தி மட்டுமே எழுத வைத்துவிடுவார் என்பதால் வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்றார். தொடரில் அப்படி ஒரு வசனம் வந்ததாக நான் பிற்பாடு பார்த்த எந்த அத்தியாயத்திலும் இல்லை. இருந்தாலும், கண்ணாடி போட்ட நாயகர்களைப் பற்றி இதுவரை நான் படித்த விளக்கங்களில் இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்கு அகப்படவில்லை.